சக்கரத்தின் மேல் இல்லறம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், பள்ளிக்கூடங்களும் பிரயாணக் கம்பெனிகளும் பல ஆண்டுகள் ஓட்டிக் கழித்த பஸ்களை ஏலத்தில் விலைக்கு எடுத்து, ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, அதையே வீடாகக் கொண்டு தேச சஞ்சாரம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதைச் செல்வர்களின் வினோதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பஸ்ஸில் குடியேறுவோருள் பலர், கடனும் வாடகையும் உடைமைகளின் பெருக்கமும் தங்களைக் கட்டிப் போட்டிருந்தன என்றும், அந்தக் கட்டிலிருந்து விடுபடவே இவ்வாறு புறப்பட்டோம் என்றும் சொல்லுகிறார்கள். கட்டும் விடுதலையும் நம் சமய நூல்கள் யாவும் ஆராய்ந்த விஷயங்கள். ஆகையால், வீட்டுக்குச் சக்கரம் பூட்டிவிட்டால் பற்று நீங்குமா என்ற கேள்வி தத்துவ விசாரத்துக்கு உரியதே.

முதலில் அந்த வாங்கும் காரியத்தையே சற்று நிதானித்துப் பார்ப்போம். விவரம் அறிந்தவர் வண்டியின் மேற்பூச்சைப் பார்த்து மயங்குவதில்லை. அடியில் படுத்துச் சட்டங்களைத் தட்டிப் பார்க்கிறார். வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பைத் தூவுவதால், அங்கே ஓடிய வண்டியின் அடிப்பாகத்தைத் துரு தின்றிருக்கும். டயர் எவ்வளவு தடிப்பாயிருந்தாலும், அதன் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படித்து, எந்த ஆண்டில் எந்த வாரத்தில் செய்தது என்று கணக்கிடுகிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதைக் கிளப்பச் சொல்லிப் புகையின் நிறத்தைக் கவனிக்கிறார். பள்ளி பஸ்ஸாயின், 1939-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கூடிய மகாநாடு நிர்ணயித்த அந்த மஞ்சள் வர்ணத்தை மாற்றியாக வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம். துறவு பூணுவோன் பூர்வாசிரமத்து அடையாளங்களைக் களைவதுபோல, அந்த வண்டியும் தன் பழைய நிறத்தையும் எழுத்துக்களையும் துறந்த பின்னரே புது வாழ்வு பெறுகிறது.

பிறகு வருகிறது அளவு என்னும் சோதனை. நாற்பது அடி நீளமும் எட்டு அடி அகலமும் உள்ள பெரிய பஸ்ஸில்கூட, ஓட்டுபவரின் இடம் போகக் கிடைப்பது முந்நூறு சதுர அடிக்கும் குறைவே. நூறு காலன் தண்ணீர் ஏற்றினால் அதுவே ஏறக்குறைய 380 கிலோ பாரம். ஆகவே குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் அளந்தே செலவிட வேண்டியிருக்கிறது. இதைவிட முக்கியமாக, கழிவு நீரைத் தன் வண்டியிலேயே மற்றொரு தொட்டியில் சுமந்து சென்று, அதற்கென ஏற்பட்ட இடத்தில் தன் கையாலேயே இறக்க வேண்டும். நகரத்து வீட்டில் குழாயைத் திறந்து மூடுகிறவன் தன் தேவையின் அளவையும் அறியான், தன் அழுக்கின் அளவையும் அறியான். அவ்விரண்டையும் அறிந்தவனிடத்தில், தேவைக்கு மேல் உடைமை கொள்ளாமை என்னும் அபரிக்கிரக விரதத்தின் முதற்படியேனும் அமைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இந்த ஒரு நன்மைக்காகவே அந்த வாழ்க்கையை நான் மதிக்கிறேன்.

ஆயினும் அளவு குறைந்தால் பற்றும் குறையும் என்று சொல்லிவிட முடியுமா? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் காமோ நோ சோமெய் என்பவர் இதைத் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்த்தார். கியோத்தோ நகரில் தீயும் சூறைக்காற்றும் பஞ்சமும் பூகம்பமும் மாளிகைகளைச் சூறையாடியதைக் கண்டு, நிலையான வீடு என்பதே மாயை எனத் தெளிந்து துறவு பூண்டவர் அவர். ஹினோ மலையில் பத்தடிச் சதுரமும் ஏழடிக்குக் குறைந்த உயரமும் கொண்ட குடில் ஒன்றை அமைத்து, இடம் பிடிக்காவிடில் பிரித்து எடுத்துச் செல்ல வசதியாக அதன் மூட்டுக்களைக் கொக்கிகளால் இணைத்தார். முழுவதையும் ஏற்ற இரண்டு வண்டிகள் போதும் என்று 1212-ஆம் ஆண்டில் எழுதிய ‘ஹோஜோகி’ என்ற நூலில் கூறுகிறார். ஆனால் நூலின் முடிவில், ஒரு விடியற்காலையில், இந்தக் குடிலை நேசிப்பதும் இதன் அமைதியில் இன்புறுவதும் பற்றுத்தானே என்று தம்மையே வினவிக்கொள்கிறார். அதற்கு அவர் மனம் விடை தரவில்லை. அமிதாப புத்தரின் நாமத்தை இரண்டு மூன்று முறை உச்சரித்ததோடு அமைகிறார்.

அந்த விடியற்காலைக் கேள்வி பஸ் வீட்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்கியவனுக்கு அதில் உள்ள அபிமானத்தைக் காட்டிலும், ஒவ்வொரு பலகையையும் தானே அறுத்து, ஒவ்வொரு கம்பியையும் தானே இழுத்து மாதக்கணக்கில் உழைத்துச் சமைத்த கூட்டினிடத்தில் அபிமானம் பன்மடங்கு. ‘எனது’ என்னும் எண்ணம் அஸ்திவாரத்தில் இருப்பதன்று. அது வண்டியோடு கூடவே வரும்.

கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் லக்ஷணங்களுள் தனக்கென வீடில்லாமையையும் ஒன்றாகக் கூறுகிறது. சந்நியாச தர்மத்தைச் சொல்லும் நூல்கள் சில, பரிவிராஜகன், அதாவது ஊர் ஊராய்த் திரியும் துறவி, ஒரு கிராமத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்கலாகாது என்று விதிக்கின்றன. பஸ்ஸில் திரிபவரும் ஓரிரவு தங்கி மறுநாள் புறப்படுகிறார் என்பதால் அவரைப் பரிவிராஜகர் என்று கருதிவிடக் கூடாது. பரிவிராஜகன் பிக்ஷைக்காகப் பிறர் வாசலில் நின்று தன் அகந்தையை இழக்கிறான். இவரோ தம் அடுப்பையும் கதவையும் பூட்டையும் உடன்கொண்டு போகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் துறவியல்லர், இல்லறத்தாரே. ஆகவே அவரை இல்லறத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வள்ளுவர் இல்வாழ்வானுக்கு வகுத்த கடமைகள் முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்ற ஐவரையும் நோக்கியவை. வீடு என்பது இந்த ஐந்தும் நடக்கும் இடம். அயலார் ஒருவர் நோயுற்றால் எட்டிப் பார்க்கவும், அவரோடு பிணக்கு நேர்ந்தால் மறுநாளும் அவர் முகத்தில் விழித்துச் சமாதானம் செய்துகொள்ளவும், நின்ற இடத்து வாழ்வு நம்மை நிர்ப்பந்திக்கிறது. சக்கரமோ, பிடிக்காத அயலாரை விட்டு அகலும் சுலபமான வழியை எப்போதும் காட்டிக்கொண்டேயிருக்கும். பஸ் வாழ்க்கையில் நான் காணும் ஆபத்து இது ஒன்றே. இது சிறிய ஆபத்தன்று.

இதற்கு ஓர் எதிருதாரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் திங்கட்கிழமை இரவுதோறும் ஆன்மிக வகுப்பு நடத்திவந்த ஸ்டீபன் காஸ்கின், 1970-ஆம் ஆண்டில் தேசமெங்கும் சொற்பொழிவுக்குப் புறப்பட்டபோது, மாணாக்கர் பெருங்கூட்டமாகப் பழைய பள்ளி பஸ்களிலே அவரைப் பின்தொடர்ந்தனர். வழியிலேயே அந்தப் பஸ்களில் குழந்தைகள் பிறந்தன. பிரசவத்துக்கு உதவத் தொடங்கிய ஐனா மே காஸ்கின் பிற்காலத்தில் மருத்துவச்சியாகப் பெரும் புகழ் பெற்றார். 1971-இல் அவர்கள் டென்னஸி மாநிலத்தில் சம்மர்டவுன் என்ற ஊருக்கருகில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கி, முதலில் அந்தப் பஸ்களிலும் கூடாரங்களிலுமே குடியிருந்து, பிறகு ‘ஃபார்ம்’ என்ற கிராமத்தை எழுப்பினார்கள். அங்கே சக்கரம் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கவில்லை, ஒன்றுசேர்த்தது. ஏனெனில், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பக்கத்தில் அறிந்த அயலார் பஸ் ஒன்று நின்றது.

ஆகவே, பழைய பஸ் ஒன்றை வாங்கி அதில் வாழக் கருதும் அன்பருக்கு என் விண்ணப்பம் இது: துருவையும் டயரையும் பார்த்து வாங்குங்கள், தண்ணீரை அளந்து செலவிடுங்கள், ஆசனங்களைக் கழற்றும் நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிடாமல், வழியில் சந்திக்கும் விருந்தினருக்கென்று இரண்டையேனும் விட்டு வையுங்கள்.