மூச்சை இழுத்து விடுங்கள்

வட்டார வளமையங்களில் ஆசிரியர்களுக்கு நடக்கும் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி ஒன்றியத்துக்கு ஒன்றியம் பெரிதாக மாறுவதில்லை. நாற்பது ஐம்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கருத்தாளர் கண்களை மூடச் சொல்வார். மூச்சை மெல்ல இழுத்து, சற்று நிறுத்தி, விடச் சொல்வார். அந்த நேரம் பார்த்து மடியில் கிடக்கும் கைப்பேசி அதிரும். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வந்திருக்கும். மாலை நான்கு மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாத பள்ளிகளின் பட்டியல் நாலரைக்கு அதே குழுவில், எல்லோரும் பார்க்க வெளியாகும். பயிற்சி முடிந்ததும் கூட்டமாக நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அதையும் பதிவேற்றியாக வேண்டும்.

மூச்சுப்பயிற்சியால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. எனக்குள்ள சங்கடமெல்லாம் அதன் அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தைப் பற்றியது. அழுத்தம் ஆசிரியருக்குள் உற்பத்தியாகிறது, எனவே அவருக்குள்ளேயே அதைச் சரிசெய்துவிடலாம் என்ற அனுமானம். நான்கு மணிப் படிவத்தை அனுப்பியவரை இந்தப் பயிற்சிக்கு யாரும் அழைப்பதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 27ஆவது பிரிவில், ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று சொல்லி, மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது. வகுப்பறை நாற்காலியை விட்டு எழாமலேயே செய்யவேண்டிய வேலைகளை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, காலணி அளவு, உதவித்தொகை விவரம், பிழை என்று திரும்பி வந்த பழைய விவரம். காலை முதல் பாடவேளையில் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தையும் அவர் கைப்பேசியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாடு முழுவதும் பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் படிவத்தில், ஆசிரியர் கற்பித்தல் அல்லாத பணிகளில் எத்தனை நாள் செலவிட்டார் என்று கேட்கும் ஒரு கட்டம்கூட உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பும் நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

இந்தச் சுமையில் ஒரு பகுதி அண்மையில், உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்காக ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டவர்களின் கைக்குப் போயிருக்கிறது. ஆசிரியர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் படிவங்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. குறைந்த சம்பளமும் அதைவிடக் குறைந்த பணிப் பாதுகாப்பும் உள்ள ஒருவரிடம் அவை கைமாறியிருக்கின்றன, அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் நிவாரணம் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது, மேலிருந்து கீழே இறக்கி வைக்கப்பட்டு.

2025இல் உச்ச நீதிமன்றம் சில வார இடைவெளியில் வழங்கிய இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜூலை 25 அன்று வந்தது மாணவர்களின் மனநலம் பற்றியது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். ஆசிரியர், ஆசிரியரல்லாதார் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது உளவியல் முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். தேவையான தீர்ப்பு, தாமதமாகவேனும் வந்தது. அதில் பள்ளி ஊழியர் வருவது காவலராக. மாணவரின் முகம் வாடினால் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர். அவர் முகம் வாடினால் யார் பார்ப்பது என்பது அந்த வழக்கின் எல்லைக்குள் வரவில்லை.

செப்டம்பர் 1 அன்று வந்தது ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் பணியை விட வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிற்று. தமிழ்நாடு அரசு சீராய்வு மனுப் போட்டது. சங்கங்கள் கூடிப் பேசின. சட்ட வாதங்கள் இருக்கட்டும். ஆசிரியருக்குத் தகுதி வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், அன்றைய விதிப்படி, முறையாக நியமனம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய ஓர் இடைநிலை ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். அவரிடம் அகரம் எழுதப் பழகியவர்களின் பிள்ளைகள் இப்போது அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு சமையல் முடிந்ததும், மகள் படிக்கும் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து, குழந்தை உளவியல் குறித்துக் கொள்குறி வகை வினாக்களுக்கு அவர் விடை குறித்துப் பழகுகிறார். 150 வினாக்கள். தோற்றால் என்ன ஆகும் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வீட்டுக் கடன் தவணை அந்த ஊதியத்தில்தான் போகிறது. பகலில் அவருக்கு உளவியல் முதலுதவிப் பயிற்சி நடக்கும். இரண்டு தீர்ப்புகளிலும் சட்டப்படி முரண் எதுவுமில்லை. இரண்டும் ஒரே ஆளின் மேல் வந்து இறங்குகின்றன என்பது மட்டும் எந்த மனுவிலும் இடம்பெறவில்லை.

தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வேறு விதமான வெயில். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளை மீளாய்வுக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அங்கே எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 17-ஏ, 17-பி என்றாலே போதும், விளக்கம் தேவையில்லை. ஒழுங்கு நடவடிக்கை விதியின் அந்த இரண்டு உட்பிரிவுகள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதவி உயர்வைத் தள்ளிப்போட ஒரு குறிப்பாணை போதும். தனக்குக் கிடைத்ததைத் தலைமை ஆசிரியர் அடுத்த நாள் ஆசிரியர் அறையில் பங்கிடுவார். ஆசிரியர் அதற்கடுத்த வாரம் வகுப்பில் பங்கிடுவார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று தெரியாது.

தனியார் பள்ளி ஆசிரியருக்கு 17-பி கிடையாது, அதற்கு அவசியமே இல்லை. நாளை வர வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது. கோடை விடுமுறையில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுப்பது, அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு அதைக் கேட்கத் தயங்குவது, சொந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகைக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது. இவர்களிடம் உளநல விடுப்பு பற்றிப் பேசினால் கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள்.

பள்ளி ஊழியர் என்றதும் நம் நினைவில் வருவது சாக்பீஸ் பிடித்த கை. கரண்டி பிடித்த கையும் துடைப்பம் பிடித்த கையும் வருவதில்லை. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் கற்பிக்க 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பின்னர் தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஆனால் பல ஆண்டுகள் மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது. அந்த ஒரு மாதம் அவர்கள் குடும்பம் பசிக்காது என்ற நம்பிக்கை எந்த அரசாணையில் பிறந்ததோ. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை நாம் பெருமையோடு உலகுக்குக் காட்டுகிறோம், காட்டவும் வேண்டும். அந்த அடுப்பின் முன் நிற்கும் சமையலரும் உதவியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற தனிக் கூண்டில் இருக்கிறார்கள். சாம்பாரில் பல்லி விழுந்தால் பிள்ளைகளை ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். அதே வேகத்தில் சமையலரைப் பணியிடை நீக்கம் செய்வார்கள். கூரையில் ஓட்டை இருந்ததா என்பது பிறகு.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் ஒருவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஊரார் சிலர் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாற்றல் ரத்தாகி அவர் திரும்பி வந்தார். தன் கையால் சமைத்ததைப் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று ஒரு கூட்டம் வாசலில் நின்று சொல்ல, அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டுத் தன்னை நகர்த்தும் ஆணையை ஒரு பெண் கையெழுத்திட்டு வாங்கும் நிலையை எந்த வினாத்தாளில் போட்டு அளப்பது? பள்ளி ஊழியர்களின் மனநலம் என்று பேசுபவர்கள் இந்தச் சம்பவத்தைத் தங்கள் தலைப்புக்குள் கொண்டுவருவதில்லை. சாதிப் பிரச்சினை என்று வேறு கோப்பில் வைத்துவிடுகிறோம்.

2025 நவம்பரில் தமிழ்நாடு, கேரளம் உட்பட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகத் தெருத் தெருவாக அலைந்தவர்களில் பள்ளி ஊழியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் நிறையப் பேர். அந்த மாதத்தின் நடுவில், கண்ணூர் மாவட்டம் பையனூர் பகுதியில் ஒரு பள்ளியின் உதவியாளர், அந்தப் பணியில் இருந்தபோதே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலைப்பளுதான் காரணம் என்றார்கள் வீட்டார். அப்படியொரு அழுத்தம் தரப்படவில்லை என்றது மாவட்ட நிர்வாகம். மறுநாள் கேரளத்தில் அலுவலர்கள் பணியைப் புறக்கணித்தார்கள். மற்ற மாநிலங்களிலிருந்தும் மரணச் செய்திகள் வந்தன. டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், கூடுதல் ஆட்களை அமர்த்துமாறும் தகுந்த காரணம் சொல்பவர்களுக்கு விலக்குத் தருவதைப் பரிசீலிக்குமாறும் மாநிலங்களுக்குச் சொன்னது. ஒரு மனிதர் ஏன் இறந்தார் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது எப்போதும் தவறாகவே முடியும். ஆனால் வீட்டார் ஒன்றும் நிர்வாகம் ஒன்றும் சொல்லும்போது, இந்த இரண்டு தரப்பையும் சாராத யாராவது உட்கார்ந்து, அந்த வேலைக்கு இதில் என்ன பங்கு என்று விசாரித்திருக்க வேண்டும். நம் ஏற்பாட்டில் அதற்கான நாற்காலியே இல்லை.

இங்கிலாந்தில் அந்த நாற்காலி இருந்தது. ரெடிங் நகரில் கேவர்ஷம் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ரூத் பெரி. 2022 நவம்பரில் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பு வந்து பார்த்து, அதுவரை மிகச் சிறந்தது என்று இருந்த பள்ளியைப் போதாது என்ற கடைசிப் படிக்கு இறக்கியது. அறிக்கை வெளியாகும்வரை அதை வெளியில் பேச முடியாமல் வாரக்கணக்கில் மனத்துக்குள் வைத்திருந்தார். 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்த ஆய்வும் இந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். 2024 செப்டம்பரில் பள்ளிக்கு ஒற்றைச் சொல்லில் மதிப்பெண் போடும் முறையை அரசு கைவிட்டது. அங்கேயும் எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது; அடுத்து வந்த புதிய மதிப்பீட்டு அட்டையையும் ஆசிரியர் சங்கங்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தன. என்றாலும், பொறுப்புள்ள பதவியில் இருக்கும் ஒருவர், அரசின் நடைமுறை ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் பங்கை எழுத்தில் வைத்தார். அந்தத் தலைமை ஆசிரியைக்கு மனத்திடம் போதவில்லை என்று அதற்குப் பிறகு யாராலும் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே உதவி அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மனம் மிகவும் கனத்திருக்கும் ஆசிரியர் அதில் பேசுவது நல்லது. ஆனால் சிறிய ஊரில் மனநல மருத்துவரின் வாசலில் காத்திருக்கும் ஆசிரியையை, அங்கேயே ஏதாவது ஒரு பெற்றோர் பார்த்துவிடுவார். மருத்துவ விடுப்புக்கு என்ன நோய் என்று எழுதுவது என்பது அடுத்த கவலை. வயிற்றுவலி என்றோ முதுகுவலி என்றோ எழுதிவிடுவார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். மாற்று ஆள் வருவது அரிது. சட்டப்படி உள்ள விடுப்பை எடுப்பதும் சக ஆசிரியைக்குச் செய்யும் துரோகமாகிவிடுகிறது.

ஜப்பான் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் ஓர் எண்ணை வெளியிடுகிறது: மனநோயால் நீண்ட விடுப்பில் போன அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று. 2023ஆம் கல்வியாண்டில் 7,119. அதுவரை இல்லாத அளவு. எந்த அரசுக்கும் பெருமை தராத எண், ஆனாலும் வெளியிடுகிறார்கள். கூடுதல் நேர வேலைக்கு ஊதியத்தில் 4 விழுக்காடு சேர்த்துக் கொடுத்துவிட்டு எத்தனை மணி நேரமும் வேலை வாங்கலாம் என்று 1971இல் எழுதிய சட்டத்தை, 2025இல் திருத்தி அந்தத் தொகையைப் படிப்படியாக 10 விழுக்காடாக்க முடிவு செய்தபோது, பல ஆண்டுகளாக வெளியான இந்த எண்களும் விவாத மேசையில் இருந்தன.

நம் யூடைஸ் படிவம் கழிப்பறைகளை எண்ணுகிறது, குழாய்களை எண்ணுகிறது, கணினிகளை எண்ணுகிறது. மனநலக் காரணத்தால் விடுப்பில் சென்றோர் என்று, பெயர் கேட்காத ஒரு கட்டத்தை அதில் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஆசிரியர்கள் முணுமுணுக்காமல் நிரப்பும் முதல் கட்டமாகக்கூட அது இருக்கலாம். சமையலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதில் இடம் உண்டா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். சத்துணவு ஊழியர் சமூக நலத் துறை. துப்புரவுப் பணியாளருக்குக் கூலி தருவது உள்ளாட்சி. பள்ளிக் கல்வித் துறையின் படிவத்தில் அவர்கள் வரமாட்டார்கள்.