பேனாவைக் கீழே வை!

"எனக்குக் கணக்கு வராது." இந்த வாக்கியத்தை உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார்? பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய சித்தப்பாவா? கரும்பலகை முன்னால் நீ திணறி நின்றபோது சிரித்த வகுப்பா? யாராக இருந்தால் என்ன! வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கி, எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டு ஜிமேட் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்ட பிறகும் அதே வாக்கியத்தை ஏன் சுமந்துகொண்டு திரிகிறாய்? ஒரே ஒரு மார்க் ஷீட்டை வைத்து ஒரு மூளைக்கு ஆயுள் தண்டனை எழுதிவிட முடியுமா? தரவு போதாது, தம்பி! தரவு போதாது, தங்கையே!

தரவு போதுமா போதாதா என்று கேட்பதற்கென்றே அந்தத் தேர்வில் ஒரு கேள்வி வகை இருக்கிறது. டேட்டா சஃபிஷியன்சி. பேரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓடுகிறவர்கள் ஏராளம். நீ ஓடாதே. கணக்கில் சூரன் என்று பேரெடுத்தவர்களே இங்கே வழுக்கி விழுகிறார்கள். அவர்களை வீழ்த்துவது எது என்று தெரிந்துகொண்டால் உன் பயம் பாதி போய்விடும்.

ஒரு கேள்வி. கீழே இரண்டு கூற்றுகள். கேள்விக்கு விடை என்ன என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. விடை காண இந்தக் கூற்றுகள் போதுமா, அதை மட்டும் சொல். முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ. இரண்டாவது மட்டும் என்றால் பி. தனித்தனியாகப் போதாது, சேர்த்தால் போதும் என்றால் சி. எதை எடுத்தாலும் தனியாகவே போதும் என்றால் டி. சேர்த்தாலும் போதாது என்றால் இ. எல்லாக் கேள்விக்கும் இதே ஐந்துதான், இதே வரிசைதான். இன்றைக்கு ராத்திரிக்குள் மனப்பாடம் செய்துவிடு. பரீட்சை அறையில் அதைப் படித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

சூரர்கள் ஏன் விழுகிறார்கள்? பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நமக்குப் பழக்கியது ஒன்றே ஒன்று: விடையைக் கண்டுபிடி, அடியில் இரண்டு கோடு போடு. அந்தக் கோடு போடாமல் கை அடங்காது. இதைப் பார்:

ஒருவர் சில பேனாக்களும் சில நோட்டுகளும் வாங்கினார். பேனா 19 ரூபாய், நோட்டு 31 ரூபாய். எத்தனை பேனா வாங்கினார்? கூற்று ஒன்று: மொத்தச் செலவு 250 ரூபாய். கூற்று இரண்டு: பேனாவும் நோட்டும் சம எண்ணிக்கை.

அவசரக்காரன் துள்ளிக் குதிப்பான். தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றையும் சேர்த்தால் முடிந்தது! போட்டுப் பார்ப்பான்: ஐந்து பேனா, ஐந்து நோட்டு. சி என்று குறித்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொள்வான். கணக்கு சரி, மதிப்பெண் பூஜ்யம்!

ஏன்? பேனாவையும் நோட்டையும் அரை, கால் என்று வெட்டி வாங்க முடியாது. 250-லிருந்து 31, 62, 93 என்று கழித்துக்கொண்டே வா. மிச்சப் பணம் 19-ஆல் மீதியில்லாமல் வகுபடுவது ஒரே ஒரு இடத்தில்தான். ஐந்து நோட்டுக்கு 155 போக 95. அது ஐந்து பேனா. வேறு வழியே இல்லை. முதல் கூற்று ஒன்றே போதும். விடை ஏ.

இப்போது விலையை மட்டும் மாற்று. பேனா 20, நோட்டு 30. அதே 250 ரூபாய்க்கு இரண்டு பேனா ஏழு நோட்டும் வாங்கலாம், எட்டு பேனா மூன்று நோட்டும் வாங்கலாம். இங்கே இரண்டாவது கூற்று கட்டாயம் வேண்டும், விடை சி. இரண்டு கணக்கிலும் கடைசியில் வருவது அதே ஐந்து பேனாதான்! ஆனால் ஒன்றில் சி தப்பு, மற்றொன்றில் சி சரி. ஐந்து என்ற விடையைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை. தெரியாதது இரண்டென்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று குறுக்குவழிச் சூத்திரம் விற்கிறவர்களிடம் இந்தப் பேனாக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டு.

இன்னொன்று. ஒரு முழு எண் இருக்கிறது. அது இரட்டைப்படை எண்ணா? கூற்று ஒன்று: அதன் வர்க்கத்தோடு அதையே கூட்டினால் இரட்டைப்படை வரும். கூற்று இரண்டு: அதை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டினால் ஒற்றைப்படை வரும்.

முதல் கூற்று பார்க்கத்தான் பிரமாதம். ஓர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டில் ஒன்று எப்போதும் இரட்டைப்படை. எந்த முழு எண்ணுக்கும் பொருந்துகிற சேதியைச் சொல்லி உன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள். தள்ளு அதை! இரண்டாவது கூற்றின்படி அந்த எண் ஒற்றைப்படை. ஆக, கேள்விக்குப் பதில் "இல்லை". இங்கேதான் பலருக்குக் கை நடுங்குகிறது. "இல்லை" என்று வந்துவிட்டதே, அப்படியானால் போதாது போலிருக்கிறதே என்று இ-யைக் குறித்துவிடுகிறார்கள். இல்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, அதைவிட என்ன உறுதி வேண்டும் உனக்கு? விடை பி. ஒரு தடவை ஆம், ஒரு தடவை இல்லை என்று ஊசலாடினால்தான் அது போதாத தரவு.

அந்த ஊசலாட்டத்தைக் கண்டுபிடிக்கச் சோம்பல் ஆகாது. பூஜ்யத்தைவிடப் பெரிய ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியதா என்று கேட்டால், நம் மனசு உடனே 2, 3, 5 என்று போகும். எல்லாம் ஆம், ஆம், ஆம். அரையைப் போட்டுப் பார்! கால் ஆகிவிடுகிறது. பூஜ்யம், ஒன்று, பின்னம், குறை எண் இவற்றையெல்லாம் கூப்பிட்டு விசாரிக்காமல் ஒரு கூற்றையும் நம்பாதே. இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதல் கூற்றைக் கையால் மூடிக்கொள். சிரிக்காதே, நிஜமாகவே மூடு. முதல் கூற்றில் படித்தது இரண்டாவதற்குள் ஒட்டிக்கொண்டு வருவதால் போகிற மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் இந்தக் கேள்விகள் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாறிவிட்டன. 45 நிமிஷம், 20 கேள்வி. ஒன்றுக்கு இரண்டேகால் நிமிஷம். திரையில் கால்குலேட்டரும் உண்டு. டேட்டா சஃபிஷியன்சிக்கு நடுவே உன் கை அதைத் தேடிப் போகிறதென்றால் பெரும்பாலும் நீ தடம் மாறிவிட்டாய் என்றுதான் அர்த்தம். போதும் என்று தெரிந்த அந்த நொடியே பேனாவைக் கீழே வை. மிச்சக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சும். அது திறமையின் குரல் அல்ல, பயத்தின் குரல். உன் தீர்ப்பை நீயே நம்பாததால் சாட்சிக்கு ஆள் தேடுகிறாய்!

மேலாண்மைப் பள்ளிகளுக்கு இந்தத் துணிச்சல் எதற்கு? ஒரு மேலாளரின் மேஜைக்கு முழுத் தகவலும் என்றைக்கும் வந்து சேராது. இருப்பதை வைத்து முடிவெடுக்கலாமா, இன்னொரு அறிக்கை கேட்கலாமா, எதுவுமே தேறாது என்று எழுந்து போகலாமா? அவருக்கு இது தினசரிப் பிழைப்பு.

தினமும் ஐம்பது கணக்கு போட்டேன் என்று பெருமை பேசாதே. பத்து போடு. தேர்வை நடத்துகிற ஜிமேக் வெளியிடும் பழைய கேள்விகளிலிருந்தே எடு. தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பானது என்று உன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுது. "கவனக்குறைவு" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுது. பின்னத்தை மறந்தேனா, "இல்லை"யைக் கண்டு மிரண்டேனா, முதல் கூற்றைச் சுமந்துகொண்டு போனேனா? குற்றவாளிக்குப் பேர் வேண்டும். நாலு பேர்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். நாலு பேரை உன்னால் சமாளிக்க முடியாதா?

எடு கடிகாரத்தை. ஐந்து வெவ்வேறு நேர் முழு எண்கள், கூட்டுத்தொகை 50. மிகப் பெரிய எண் எது? கூற்று ஒன்று: இரண்டாவது பெரிய எண் 4. கூற்று இரண்டு: ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண் 3. இரண்டேகால் நிமிஷம். ஆரம்பி!