எல்லையும் எழிலும்

வசதி பெருகினால் கலை வளரும் என்பது பலரின் எண்ணம். வசதி குறைந்தால்தான் கலை மிளிரும் என்பது வேறு சிலரின் வாதம். இவ்விரண்டனுள் எது உண்மை? பழைய வீடியோ விளையாட்டுகளின் ஓவியங்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றுகளாக விளங்குகின்றன.

1981ஆம் ஆண்டில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘டாங்கி காங்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகனை வரைய மியாமோட்டோ ஷிகெருவுக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16, உயரத்தில் 16 புள்ளிகளே, வண்ணங்களோ மூன்றே. அத்துணைச் சிறிய முகத்தில் வாயை வரைந்தால் விளங்காது. ஆகவே பெரிய மூக்கின்கீழ் மீசையை வைத்தார். தலைமுடியைத் தீட்டுதல் அரிது. ஆகவே தொப்பி அணிவித்தார். ஓடும்போது கை உடலோடு கலந்து மறைந்துவிடலாகாது; ஆகவே சட்டைக்கு ஒரு நிறமும், அதன்மேல் தோள்வார் பொருந்திய தொழிலாளர் உடைக்கு வேறு நிறமும் தந்தார். பின்னாளில் மாரியோ என உலகறிந்த உருவம் இவ்வாறே பிறந்தது.

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. அவ்விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவமே. வெண்மை பெற்றால் மேகம். பசுமை பெற்றால் புதர். ஆடியோர் பலர் இதனை உணர்ந்ததே இல்லை. இருக்கும் இடத்தைக் கொண்டே அவர்தம் கண் பொருளை நிறைவு செய்துகொண்டது.

அப்படியாயின், குறையே கலையின் தாய் என்று முடிவு கட்டிவிடலாமா? அதே இயந்திரத்தில், அதே எல்லைக்குள், பார்வைக்குச் சிறப்பேதுமற்ற விளையாட்டுகளும் ஏராளமாக வந்து மறைந்தன. எல்லை யாவர்க்கும் பொதுவாயிருந்தும் எழில் பொதுவாய் அமையவில்லை. எதனை விடலாம், எதனை விடலாகாது என்று தெளிந்த உள்ளமே அங்கு வேறுபாட்டை விளைத்தது.

1990இல் ஆற்றல் மிகுந்த சூப்பர் ஃபேமிகாம் வந்தது. வண்ணங்கள் பெருகின. எனினும் மாரியோவின் மீசையும் தொப்பியும் நீங்கவில்லை. தேவை தந்ததை இப்பொழுது விருப்பம் காத்தது. கூடுதல் வசதியும் வீணாகவில்லை; அது அவ்வுருவத்திற்கு மேலும் பொலிவூட்டவே பயன்பட்டது.

இங்கேதான் ஓர் அறவினா எழுகின்றது. குறையை வென்றவனைப் போற்றும் நாம், நம்மை அறியாமலே குறையையும் போற்றத் தொடங்கிவிடுகிறோம். நூலகமில்லாப் பள்ளியில் பயின்று ஒருவன் உயர்ந்தால், பெருமை அவனுக்கே உரியது. நூலகம் இல்லாமைக்கு அதில் பங்கில்லை. அவனைச் சான்று காட்டி அடுத்த தலைமுறைக்கும் நூலகத்தை மறுப்பது அறமாகாது. வெண்பா இயற்றும் புலவன் தளையைத் தானே விரும்பி ஏற்கிறான். தானே ஏற்கும் எல்லை நோன்பு. பிறர்மேல் சுமத்தும் எல்லை கொடுமை.

ஆதலின், கையிலுள்ள சிறிதளவைக் கொண்டு சிறப்பாகச் செய்யக் கற்பது மாணவர் கடன். அச்சிறிதளவு பெருகுமாறு செய்வது சான்றோர் கடன். இவ்விரண்டும் இணையும் இடத்திலேயே கலை தழைக்கும்.