குடியிருக்கவா, காட்டவா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், இடலாக்குடி என்று குமரி மாவட்டத்தில் நம் மக்கள் வாழும் எந்தத் தெருவுக்குள் போனாலும் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகளைப் பார்க்கிறோம். சில வீடுகளில் வயதான உம்மா மட்டும் இருக்கிறார். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கட்டியவர் ரியாத்திலோ ஷார்ஜாவிலோ ஆறு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலில் இருக்கிறார். அவரில் ஒருவர் இதை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே வாசித்துக் கொண்டிருக்கலாம். சகோதரரே, இந்த ஜும்ஆவின் பேச்சு முதலில் உங்களுக்கு.

வீடு கட்டுவது தவறல்ல. விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். குடும்பத்துக்காகச் செலவிடுவதும் தர்மம்தான். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு அலைந்தவருக்குத்தான் சொந்தக் கூரையின் அருமை தெரியும்.

ஆனால் அதே மார்க்கத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கப்பாப் (ரலி) அவர்கள் ஒரு சுவரைக் கட்டிக் கொண்டிருந்த நேரத்தில், ஒரு முஸ்லிம் செய்யும் எல்லாச் செலவுக்கும் கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்று சொன்னார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. சொன்னவர் கையிலும் மண்தான் இருந்தது! தேவைக்கு மேல் கட்டுவதைப் பற்றியே இது பேசுகிறது என்று அறிஞர்கள் விளக்கினார்கள். அப்படியானால் கேள்வி இதுதான்: தேவை எந்த இடத்தில் முடிகிறது?

சதுர அடியில் இதற்கு விடை கிடைக்காது. பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு நான்கு அறை தேவை. இருவருக்கு அது மிகை. அல்லாஹ் நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது 'ஸகன்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். தங்குவது, அமைதி பெறுவது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. ஸகீனா என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். மனிதன் தங்கி அமைதி பெறும் இடமே வீடு. நாம் அளக்க வேண்டியதும் அந்த அமைதியைத்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டு வெளிநாட்டில் இருந்தவர் ஊரில் இருந்தது இருபது மாதம். முழுசாக இரண்டு ஆண்டு கூட இல்லை. கீழ்த்தளம் முடிந்தது, ஊருக்கு வந்துவிடலாம் என்று இருந்தவர், மாடி ஒன்று எடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். ஒப்பந்தம் இன்னும் நான்கு ஆண்டு நீள்கிறது. அந்த மாடிக்கு அவர் கொடுத்த விலை வெறும் ரூபாய் அல்ல. மகனின் பத்தாம் வகுப்பு, மகளின் வளரும் பருவம், வாப்பாவின் கடைசி நாட்கள், மனைவியின் தனிமை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. போர்முனைக்குப் போகும் வீரர்கள் மனைவியைப் பிரிந்திருப்பதற்கு உமர் (ரலி) அவர்கள் எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அல்லாஹ்வின் பாதையில் போனவருக்கே எல்லை இருந்தது. மாடிக்கு எல்லை வேண்டாமா?

பிழைப்புக்காகப் பிரிந்திருப்பது வேறு. உள்ளூரில் வேலை இல்லாதவர், கடன்பட்டவர் வேறு வழியில்லாமல் போகிறார். அவருடைய வியர்வைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. தேவை முடிந்த பிறகும் கட்டடத்துக்காகப் பிரிவை நீட்டிப்பதைத்தான் இங்கே பேசுகிறோம். அமைதி தர வேண்டிய வீடே அமைதியைத் தின்றுவிட்டால் அது ஸகன் ஆகாது.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. இன்று அந்த மரவேலைப்பாட்டைச் சீட்டு வாங்கிக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. நம் தேங்காய்ப்பட்டணத்து எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவல் 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பெரிய வீட்டின் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் மனிதரின் கதை அது. மன்னர் கட்டினாலும் மரைக்காயர் கட்டினாலும் சுவருக்குள் பெருமை தங்குவதில்லை.

ஊரில் இருக்கும் சகோதரர்களே, இந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. பெண் பார்க்கப் போனால் முதலில் வீட்டைப் பார்க்கிறோம். விடுமுறையில் வந்தவரிடம் "இன்னும் மாடி எடுக்கலையா?" என்று கேட்கிறோம். நாம் சாதாரணமாகக் கேட்ட அந்த ஒரு கேள்வி அவரை இன்னும் இரண்டு ஆண்டுக்கு விமானம் ஏற்றிவிடுகிறது. இனி அவரிடம் "எப்போ ஊரோட வந்துருவீங்க?" என்று கேளுங்கள்.

கட்டத்தான் வேண்டும் என்றால், கல் போடும் முன் நான்கு காரியங்களைச் சரி பாருங்கள்.

ஒன்று, மனை யாருடையது? வாப்பா விட்டுச் சென்ற நிலமாக இருந்தால் சகோதரிகளின் பங்கைப் பிரித்துக் கொடுங்கள். நிஸா அத்தியாயம் அதைக் கட்டாயக் கடமை ஆக்கியிருக்கிறது. சகோதரியின் பங்கில் எழுப்பிய அறையில் தொழுது என்ன பயன்?

இரண்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். இன்னும் ஓர் ஆண்டு பொறுத்தாலும் சிறிதாகக் கட்டினாலும் நஷ்டமில்லை.

மூன்று, ஜக்காத். குடியிருக்கும் வீட்டுக்கு ஜக்காத் இல்லை. ஆனால் வீட்டுக்காகச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு ஆகிவிட்டால் ஜக்காத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. விற்பதற்காக வாங்கிப் போட்ட மனைக்கும் உண்டு.

நான்கு, எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிளானில் அறைகளைக் குறிப்பது போல, ஊர் திரும்பும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அந்த ஆண்டைத் தள்ளிப்போடச் செய்யும் எந்த அறையும் உங்களுக்கு வேண்டாம்.

நபி (ஸல்) அவர்களின் மனைவியர் வாழ்ந்த வீடுகளின் கூரையைச் சிறுவனாக இருந்தபோது கையால் தொட்டதாக ஹஸன் பஸரி (ரஹ்) சொன்னார்கள். அவ்வளவு தாழ்ந்த கூரை. ஆனால் அந்த வீட்டின் தலைவர் வீட்டில் இருந்தார். தம் செருப்பைத் தாமே தைத்தார், வீட்டு வேலைக்கு உதவினார், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்.

யா அல்லாஹ், வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் சகோதரர்களின் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வாயாக. அவர்கள் கட்டும் வீடுகளை அவர்கள் குடியிருக்கும் வீடுகளாக ஆக்குவாயாக. உடலில் தெம்பு இருக்கும்போதே அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பாயாக. ஆமீன்.