முகத்தைச் சீராக்குவது படைப்பை மாற்றுவதா?



பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நம்மில் பலருக்கு நடிகர், நடிகைகளின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவதை மார்க்கம் கண்டித்திருப்பது உண்மைதான். ஆனால் இந்தச் சிகிச்சை யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று சிந்தித்தோமா?

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவு அல்லது அண்ணப் பிளவுடன் பிறக்கிறது. அண்ணம் பிளந்த குழந்தையால் தாய்ப்பாலைச் சரியாக உறிஞ்ச முடியாது. வளர்ந்தால் பேச்சும் தெளிவாக வராது. அடுப்புத் தீயில் வெந்த பிள்ளைக்குக் கழுத்துத் தோல் சுருங்கி, தாடை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொள்கிறது. தொழுநோயால் விரல் மடங்கியவர் ஒரு கவளம் சோற்றுக்கே சிரமப்படுகிறார். அத்தகைய கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, அவற்றை மீண்டும் வேலை செய்ய வைத்தவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். இதுவும் சீரமைப்பு அறுவை சிகிச்சைதான்.

"வலியோ, ஊனமோ இருந்தால் சரி, பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அறியாமைக் காலத்தில் குலாப் போரில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கில் துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது.

கவனியுங்கள்! உலோக மூக்கு எதையும் முகராது. மனிதர்கள் முன் முகம் காட்டி நடமாடவே அது உதவியது. அதற்காக, ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கமே அனுமதிக்கப்பட்டது. அப்படியானால் மனிதனின் கண்ணியமும் ஒரு தேவைதான். இழந்ததை மீட்பது படைப்பை மாற்றுவதாகாது.

"பொறுமையாக இருங்கள், இது விதி" என்று அந்தத் தாயிடம் சொல்வது எளிது. கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்று அவளையே பழிப்பவர்களும் உண்டு. யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் கற்றுத்தந்த பிறகும் இந்தப் பேச்சா? நோய் விதியென்றால் மருந்தும் விதிதானே! வழியிருந்தும் உதவாமல் உபதேசிப்பது பொறுமையல்ல, கைவிடுவது.

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று 2015இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று படிக்கிறோம். யாரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஏழை நோயாளி ஸகாத் பெறத் தகுதியுடையவர். உங்கள் மஹல்லாவில் முகத்தை மறைத்து வாழும் ஒருவர் இருக்கிறாரா? தேடுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.