விடாமுயற்சியும் விடாப்பிடியும்



எடுத்த காரியத்தை இடையில் கைவிடுவது கோழைத்தனம் என்று நமக்குச் சிறுவயது முதலே சொல்லித் தந்திருக்கிறார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பேசும் பெரியவரும் இதையே சொல்கிறார், வீட்டில் பாட்டியும் இதையே சொல்கிறார். ஆனால் கைவிடுதல் எல்லாமே கோழைத்தனந்தானா? கைவிட மறுப்பதெல்லாம் வீரந்தானா? இக்கேள்வி தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகவும் மூன்றாம் முறையாகவும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், இரவுச் சாப்பாட்டு வேளையில் இக்கேள்வி எழுகிறது.

ஒரு மாணவியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். பல்லேகலவில் கண்டி–மஹியங்கனை வீதியை அண்டி அவளுடைய வீடு. தந்தை அங்குள்ள கைத்தொழில் வலயத்தில் வேலை செய்கிறார். மகள் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்துவிட்டாள். ஆனால் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. ஆகவே மறுபடியும் எழுதுவதற்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. கண்டி நகரில் பிரத்தியேக வகுப்புக்கும் பணம் கட்டியாயிற்று. இந்நிலையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பயில இடம் கிடைத்திருப்பதாக அறிவித்தல் வருகிறது. கல்வியியற் கல்லூரி ஒன்றிலிருந்தும் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வருகிறது. இப்போது அவள் என்ன செய்ய வேண்டும்? மறுபரீட்சையை விட்டுவிட்டு, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் அவள் தோற்றுப் போனவளா?

அவசரப்பட்டு விடை சொல்லுமுன், மறுபரீட்சை என்றால் உண்மையில் என்னவென்பதை நோக்குவோம். நம் நாட்டில் ஒருவர் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். இம்மூன்று வாய்ப்புகளும் சட்டம் தந்த உரிமை. ஆனால் உரிமை வேறு, கடமை வேறு. மூன்று தடவை எழுதலாம் என்ற விதி, மூன்று தடவையும் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டளையாக நம் குடும்பங்களில் எப்படியோ மாறிவிட்டது.

மேலும், இப்பரீட்சை மாணவரின் அறிவை மட்டும் அளப்பதன்று. இஸட் புள்ளி முறையில், ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி, அதே பாடத்துக்கு அவ்வாண்டு தோற்றிய அனைவரதும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே கணக்கிடப்படுகிறது. ஆகவே சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு அவள் நன்றாக எழுதினாலும், மற்றவர்களும் நன்றாக எழுதியிருந்தால் அவளுடைய நிலை உயராமலே போகலாம். அவளுடைய உழைப்பு அவள் கையில் இருக்கிறது. அவளுடைய இடமோ பிறர் கையிலும் இருக்கிறது.

இதனோடு மாவட்டக் கணக்கும் சேருகிறது. பெரும்பாலான துறைகளுக்கு 40 விழுக்காடு இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 விழுக்காடு கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று. கண்டி அதில் இல்லை. ஆகவே கண்டி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து எழுதும் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்றே போட்டியிட வேண்டியிருக்கிறது. நாடு முழுவதிலும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. இடம் பெற்ற ஒருவர் இதை மறந்துவிடலாகாது.

காலத்தையும் கணக்கில் எடுப்போம். 2023ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடைபெற்றது. பெறுபேறுகள் மே மாத இறுதியில் வெளிவந்தன. அடுத்த பரீட்சையோ அதே ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிவிட்டது. தொடங்கிய சில நாட்களிலேயே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பரில் தொடர்ந்தது. பெறுபேறு கைக்கு வந்து ஆறு மாதங்கள் நிறைவதற்குள், தூக்கமின்றி, வீட்டாரின் முகத்தை நேரே பார்க்கவும் கூசிக்கொண்டு மறுபடியும் பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்!

இனி, மறுபரீட்சை எழுதவேண்டும் என்பாரின் நியாயத்தையும் கேட்போம். அது அற்ப நியாயமன்று. பத்தொன்பது வயதில் ஓராண்டு பெரிய இழப்பல்ல, அதன்பின் வரும் நாற்பது ஆண்டுகளே பெரிது என்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை கிடைத்ததோடு திருப்தியடையப் பழகிவிட்டால் உயர்ந்த இடங்கள் என்றும் வசதி படைத்தவர்களுக்கே உரியனவாகிவிடும் என்றும் கேட்கிறார்கள். இதில் உண்மை உண்டு. தன்னால் இயன்ற பெரிய காரியத்தைப் பயத்தினால் தட்டிக்கழிப்பது பணிவு ஆகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் சிந்தனையாளர் புனித தோமஸ் அக்குவினாஸ் இதனைச் சிறுமனம் என்று பெயரிட்டுக் குற்றங்களின் வரிசையிலேயே வைக்கிறார்.

ஆனால் அதே அக்குவினாஸ் விடாமுயற்சியைப் பற்றி எழுதுமிடத்தில், அதற்கு எதிரான குற்றங்கள் இரண்டு என்கிறார். ஒன்று, சிறு துன்பம் கண்டவுடன் துவண்டு விலகும் மனத்தளர்ச்சி. மற்றொன்று, விடவேண்டியதையும் விடமறுக்கும் விடாப்பிடி. முன்னது குறைவினால் வரும் குற்றம், பின்னது மிகையினால் வரும் குற்றம். விடாமுயற்சி என்னும் புண்ணியம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. நாமோ முதற் குற்றத்தை மட்டும் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டிக் கண்டிக்கிறோம்; இரண்டாவதைப் புண்ணியமென்று பாராட்டிவிடுகிறோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனை நம் முன்னோர் மெச்சவில்லை என்பதை ஏனோ மறந்துவிட்டோம்.

அப்படியானால் விடாமுயற்சியையும் விடாப்பிடியையும் பிரித்தறிவது எப்படி? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இருவரும் விடிய விடியப் படிக்கிறார்கள், இருவரும் களைப்பைப் பொருட்படுத்துவதில்லை. வேறுபாடு அவர்கள் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. விடாமுயற்சி உள்ளவர் இலட்சியத்தைப் பற்றிக்கொள்கிறார். விடாப்பிடி உள்ளவர் வழியைப் பற்றிக்கொள்கிறார். பரீட்சை என்பது ஒரு வழி. ஒரு கதவு என்றும் சொல்லலாம். வீட்டுக்குள் போவதே நோக்கமென்றால், பக்கத்துக் கதவு திறந்திருக்கும்போது பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது வீரமாகாது.

நமது மாணவியையே எடுத்துக்கொள்வோம். நோயாளருக்கு உதவவேண்டும், மனித உடலைப் பற்றி அறியவேண்டும் என்பதே அவளுடைய ஆசையானால், ஆய்வுகூடத்தில் இரத்தத்தைச் சோதித்து நோயைக் கண்டறியும் பணி அந்த ஆசைக்குப் புறம்பானதா? வைத்தியர் எழுதும் மருந்து பல வேளைகளில் அந்த ஆய்வுகூட அறிக்கையை நம்பித்தானே எழுதப்படுகிறது! அப்படியாயின் அவள் தன் இலட்சியத்தைக் கைவிடவில்லை. ஒரு பரீட்சையை மட்டுமே கைவிடுகிறாள். மாறாக, டொக்டர் என்ற பெயருக்காகவும் உறவினர் மத்தியில் கிடைக்கும் மதிப்புக்காகவுமே அவள் எழுதப் போகிறாளென்றால், அவள் பற்றிக்கொண்டிருப்பது இலட்சியமா என்பதை அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிப்பணம் பெற்றுச் சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கவனியாமல் அவ்வுதவியை இழந்தார். பின்பு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சைக்குத் தோற்றினார், சித்தியடையவில்லை. 1907இல் மீண்டும் எழுதினார், அப்போதும் சித்தியில்லை. அதன்பின் அவர் விட்டது பரீட்சையை. கணிதத்தை அவர் ஒருநாளும் விடவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தபோதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். 1918இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். இதைக் கேட்டு எவரும் பரீட்சையே வேண்டாமென்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவருடைய கையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் அழைப்பும் இருக்கவில்லை. இடையில் அவர் பட்ட வறுமையும் சிறிதன்று. நாம் கற்கவேண்டியது ஒன்றே: பரீட்சையும் கல்வியும் ஒன்றல்ல, ஒன்றை விட்டும் மற்றதைப் பற்றிக்கொள்ள முடியும்.

இப்பிரச்சினைக்கு நீதி சார்ந்த இன்னொரு பக்கமும் உண்டு. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியே இன்றும் நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைக்கிறது. தேயிலை கொய்யும் தாயும் தெருவில் வியாபாரம் செய்யும் தந்தையும் செலுத்தும் வரியிலே உருவான இடம் அது. ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டு, அதில் மனமில்லாமல், சில மாதங்களின் பின் விட்டு விலகுபவர் தம்முடைய காலத்தை மட்டும் வீணாக்குவதில்லை. வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற ஒருவரின் வாய்ப்பையும் வீணாக்கக்கூடும். ஆகவே, ஏற்பதென்றால் முழுமனதோடு ஏற்கவேண்டும். மறுப்பதென்றால் அடுத்தவருக்குப் பயன்படும் வகையில் காலந்தாழ்த்தாமல் மறுக்கவேண்டும். ஒரு காலை இங்கும் மறுகாலை அங்கும் வைத்துக்கொண்டு நிற்பது யாருக்கும் நன்மை தராது.

இவ்விடத்தில் மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம். மறுபரீட்சையை விடுவதா எழுதுவதா என்று தடுமாறும் இளைஞர், தனியே அமர்ந்து, ஒளிவுமறைவின்றி விடை தேடட்டும்.

முதலாவது: நான் விரும்பும் பணிக்கு இப்போது கிடைத்த இடம் வழியாகுமா, ஆகாதா? ஆகுமென்றால் மறுபரீட்சை எதற்காக? உண்மையாகவே ஆகாதென்றால், எழுதுவதில் நியாயம் உண்டு.

இரண்டாவது: நான் விலக நினைப்பது பயத்தினாலா, தெளிவினாலா? பயத்தினால் விலகுபவர் நாளை வரும் வேறொரு சோதனையிலும் விலகுவார். தெளிவினால் விலகுபவருக்கோ, விலகியபின் செய்யவேண்டிய வேலை ஒன்று கண்முன் நிற்கும். அந்த வேலையின்மேல் அவருக்கு ஆர்வமும் இருக்கும்.

மூன்றாவது: இந்த ஓராண்டின் விலையை யார் கொடுக்கிறார்கள்? தாயின் காதணி அடகுக் கடையில் இருக்கிறதா? தம்பி தங்கையின் படிப்புச் செலவு இதனால் சுருங்குகிறதா? அப்படியானால் அவர்களையும் கேட்டே முடிவு செய்வதுதான் நீதி.

நடைமுறை சார்ந்த ஓர் எச்சரிக்கையும் அவசியம். கையில் எழுத்து மூலமான அறிவித்தல் வருமுன், வதந்தியையும் அயலவரின் கணக்கையும் நம்பிப் பரீட்சையை விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டபின் மீண்டும் விண்ணப்பிப்பது பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நிபந்தனைகள் உண்டு. அவற்றை உரிய காலத்தில், தமிழிலேயே, வரிவரியாக வாசித்து, விளங்காததைப் பாடசாலை ஆசிரியரிடம் கேட்டறிந்தபின் முடிவெடுங்கள். அறியாமல் எடுத்த முடிவு தெளிவான முடிவு ஆகாது.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீதியிலும் ஆலய முற்றத்திலும் இப்பிள்ளைகளைக் காணும்போது, “இன்னும் மெடிசின் கிடைக்கவில்லையா?” என்று நாம் கேட்டுவிடுகிறோம். அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அந்த ஒரு கேள்வி, கிடைத்த இடத்தை அப்பிள்ளையின் கண்ணில் அற்பமாக்கிவிடுகிறது. தன் விருப்பத்தை அறியுமுன்னே நம் விருப்பத்துக்காக அது மறுபடியும் பரீட்சை மண்டபத்துக்குப் போகிறது. “என்ன படிக்கப் போகிறாய் மகள்? அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். அவள் முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கினால், அவள் எதையும் இழக்கவில்லை என்பது உங்களுக்கே விளங்கும். தயங்கித் தலைகுனிந்தால், இன்னொரு முறை எழுத அவளுக்கு நம் துணை தேவைப்படுகிறது என்று கொள்ளலாம்.

எழுதுவதும் எழுதாமல் விடுவதும் தம்மளவில் வீரமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. எதற்காக என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடியவர் எதைத் தேர்ந்தாலும் தலைநிமிர்ந்து நடக்கலாம். அந்த விடையை நம் பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்ள நேரமும் அமைதியும் கொடுப்போமாக.