பாறையில் நதி, படத்தில் பேய்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு இறங்குகிறது. இயற்கையாக விழுந்த பிளவு. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு அது நதியாகத் தெரிந்தது. அதற்குள் நாகர்களைச் செதுக்கினான். இருபுறமும் தேவர்களையும் வேடர்களையும் யானைகளையும் அதை நோக்கித் திருப்பினான். உச்சியில் தொட்டி கட்டி நீரை வழியவிட்டிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இல்லாத ஆற்றைக் கல்லில் கண்டவனால்தான் அந்தச் சிற்பம் உண்டாயிற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் எடுத்த படத்தில் வெள்ளைப் புடவைப் பெண்ணைக் காண்பதும் அதே மனக்கண்தான். அந்தச் சாலையின் பேய்க்கதை கேள்விப்படாதவர்கள் குறைவு. கைபேசிக் கேமரா இருட்டில் கூடுதல் நேரம் ஒளியை வாங்கும். அதற்குள் குறுக்கே நடந்தவர் உடம்பு வழியே பின்னாலிருக்கும் சவுக்கு மரம் தெரியும். கடற்காற்றில் மிதக்கும் நுண்துளிகள் லென்ஸுக்கு அருகில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் மாட்டினால், மங்கலான வட்டங்களாகப் பதியும். மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் போதும், முகம் தயார்.

இதைச் சொல்லிவிட்டு, நம்பியவரைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் கூடாது. 1860-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர், வாடிக்கையாளரின் தோளுக்குப் பின்னால் இறந்தவரின் உருவம் தெரியும் படங்களை விற்றார். உள்நாட்டுப் போர் வீடு வீடாக உயிர்களைக் கொண்டுபோயிருந்த காலம். 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது; எப்படிச் செய்தார் என்று நிரூபிக்க முடியாமல் போனதால் விடுதலையானார். அவர் காட்டிய ‘ஆவிகளில்’ சிலர் பாஸ்டனில் உயிரோடு நடமாடுவதாக அப்போதே புகார் இருந்தது. ஆனாலும் லிங்கனின் மனைவி மேரி, பின்னர் அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் அவர். படத்தில் பின்னால் நிற்கும் மங்கிய உருவத்தைக் கணவராக அவருக்குக் காட்டியது துக்கம். அந்தத் துக்கம் உண்மை. அதை வைத்துக் காசு பார்த்ததுதான் குற்றம்.

செங்கல்பட்டு மாவட்டக் கரைக்கும் துக்கம் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி அலை வருமுன் கடல் உள்வாங்கியபோது, மாமல்லபுரத்தில் இருந்தவர்கள் வரிசையாகக் கற்களைப் பார்த்தார்கள். ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போயின என்பது ஊரின் பழங்கதை. அந்தக் கதையை மனதில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கற்கள் கோயில்களாகத் தோன்றியிருக்கலாம் அல்லவா? ஆனால் இங்கே யாரும் தோற்றத்தோடு நிறுத்தவில்லை. 2002-லேயே தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே முக்குளித்து, செதுக்கிய கற்களையும் சுவர்ப் பகுதிகளையும் பதிவு செய்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையும் கடற்படையும் இறங்கின. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்துக் கல்வெட்டை வெளிக்காட்டியது. முருகன் கோயிலுக்குக் கொடை தந்த செய்தி அதில் இருந்தது. அருகே தோண்டினார்கள். பல்லவர் காலக் கோயிலும், அதற்கடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் வந்தன. ஆறு கோயில்கள் மட்டும் இன்னும் கதையாகவே இருக்கின்றன.

பேய்ப்படம் எடுத்தவருக்கு முக்குளிக்கும் வேலைகூட இல்லை. மறுநாள் இரவு அதே மரத்தடியில் நின்று, ஒரு முறை ஃபிளாஷோடும் ஒரு முறை இல்லாமலும், நண்பரைக் குறுக்கே நடக்கவிட்டுப் படம் எடுத்துப் பார்க்கலாம்.